மந்தணம்: அறிக்கை வெளியே போனால் ஆளுக்கு என்ன ஆகும்?

முதலில் ஓர் அமெரிக்க வழக்கு. நம் ஊர் விஷயத்துக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் கசியவிட்டவர் எப்படி மாட்டுகிறார் என்பது இதில்தான் நாள் தேதியோடு நீதிமன்ற ஆவணமாகவே கிடைக்கிறது.

2017 மே மாதம், தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய அறிக்கை ஒன்று ஒரு செய்தித் தளத்துக்குத் தபாலில் போனது. அமெரிக்கத் தேர்தல் மென்பொருள் நிறுவனம் ஒன்றை ரஷ்ய ராணுவ உளவுத்துறை குறிவைத்தது பற்றிய அறிக்கை. செய்தியாளர்கள் பொறுப்பானவர்கள், போடுவதற்கு முன், இது அசல்தானா என்று தெரிந்துகொள்ள நகலை அரசிடமே காட்டினார்கள். நகலில் தாள் மடிந்த தடம் தெரிந்தது. மடிந்திருக்கிறது என்றால் யாரோ அச்சிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். கணினிப் பதிவைப் புரட்டினார்கள். அந்த அறிக்கையை அச்சிட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரின் மேஜைக் கணினியையும் சோதித்ததில் ஒருவர் மட்டும் அதே செய்தித் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதுவும் ஒரு பாட்காஸ்ட்டின் எழுத்து வடிவம் கிடைக்குமா என்று கேட்டு! அறிக்கைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ரியாலிட்டி வின்னர், வயது 25, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மொழிபெயர்ப்பாளர். மே 9 அன்று அச்சிட்டார். ஜூன் 3 அன்று வீட்டிலேயே விசாரித்துக் கைது செய்தார்கள். செய்தி வெளியானது ஜூன் 5. அதாவது ஊர் படிக்கும் முன்பே ஆள் உள்ளே. ஜாமீன் கிடைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் 63 மாதச் சிறை.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மஞ்சள் புள்ளியைச் சொல்வார்கள். வண்ண லேசர் பிரிண்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தங்கள் வரிசை எண்ணையும் தேதி நேரத்தையும் ஒவ்வொரு தாளிலும் பதித்துவிடும். செய்தித் தளம் வெளியிட்ட பக்கத்தில் அந்தப் புள்ளிகள் இருந்தது உண்மை. 2017 மே 9, 6.20 மணி என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அதைப் படித்தும் காட்டினார். ஆனால் கைதுக்காக நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேவைப்படவில்லை. ஆறு பேர் பட்டியலே போதுமானதாக இருந்தது.

இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியில் அனுப்பினோம், எந்த எண்ணிலிருந்து பேசினோம் என்றெல்லாம் ஆட்கள் கவலைப்படுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இந்தத் தாள் எத்தனை பேர் கையில் இருந்தது?

நம் தலைமைச் செயலகத்தில் ஒரு மந்தண அறிக்கை, அதாவது வெளியாருக்குக் காட்டக் கூடாத அறிக்கை, நடக்கும் வழியை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கோப்பு என்றால் உதவிப் பிரிவு அலுவலரில் தொடங்கி, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர் என்று ஏறி, செயலாளர் வரை போய் இறங்கும்; வழியில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். 'மந்தணம்', 'இரகசியம்' என்று முத்திரை விழுந்ததும் பாதை சுருங்கிவிடுகிறது. இரண்டு உறை போடுவார்கள். உள்ளே உள்ளதை ஒட்டி அரக்கு வைத்து, அதன் மேல் முத்திரையும் பெறுபவர் பெயரும். வெளி உறையில் வெறும் முகவரி. கூடவே ஒரு ஒப்புகைச் சீட்டு. வாங்கியவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் எண் உண்டு. மின் அலுவலகத்தில் வந்த கோப்பு என்றால் இன்னும் சுலபம்: யாருடைய கடவுச்சொல்லில் எத்தனை மணிக்குத் திறந்தது என்பது தானாகவே பதிவாகிவிடும்.

விசாரணை ஆணைய அறிக்கை என்றால் ஆணையத்தின் சுருக்கெழுத்தர், தட்டச்சர், செயலாளர், துறையில் வாங்கியவர், அவருடைய நேர்முக உதவியாளர், சுருக்கக் குறிப்பு தயாரித்தவர், ஜெராக்ஸ் எடுத்த அலுவலக உதவியாளர். விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணத்தான் போகிறார்கள்.

ஜெராக்ஸ் என்றதும் இன்னொரு வழக்கு. 1983 அக்டோபரில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாரா டிஸ்டால், கிரீன்ஹாம் காமன் தளத்துக்கு அமெரிக்க ஏவுகணைகள் வரும் விவரம் கொண்ட இரண்டு குறிப்புகளை நகலெடுத்து 'கார்டியன்' பத்திரிகைக்குக் கொடுத்தார். பத்திரிகைக்கு அவர் பெயரே தெரியாது. அரசு நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றது. நீதிமன்றம் உத்தரவிட்டது, பத்திரிகை கொடுத்துவிட்டது. நகலில் இருந்த அடையாளங்களை வைத்து எந்த ஜெராக்ஸ் இயந்திரம் என்று கண்டுபிடித்தார்கள், இயந்திரத்தை வைத்து ஆளை. 23 வயது. 1984 மார்ச்சில் ஆறு மாதச் சிறை.

'பேர் வராது சார், நாங்க பார்த்துக்கறோம்' என்று செய்தியாளர் சொல்வார். மனதாரத்தான் சொல்வார். ஆனால் அவர் காப்பாற்றக்கூடியது தன் வாயை மட்டும்தான். கையில் இருக்கும் தாள் பேசும். இந்தியாவில் செய்தியாளரின் மூலத்தைக் காக்கும் தனிச் சட்டமும் கிடையாது. பிரஸ் கவுன்சில் சட்டம் 1978, 15(2) பிரிவு, மூலத்தைச் சொல்லும்படி பிரஸ் கவுன்சில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. காவல்துறையையும் நீதிமன்றத்தையும் அது கட்டுப்படுத்தாது.

இனி சட்டம். அலுவலக இரகசியச் சட்டம், 1923. வெள்ளைக்காரன் போட்டது, 1967இல் இன்னும் இறுக்கப்பட்டது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் இதை ரத்துசெய்யச் சொன்னது, செய்யவில்லை. இதில் 3வது பிரிவு உளவு பற்றியது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை. அறிக்கை கசியவிடும் அரசு ஊழியருக்குப் பொதுவாக வருவது 5வது பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

5வது பிரிவை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அதிகாரம் இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டும் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ள உரிமை இல்லாதபோது வைத்திருப்பதும் குற்றம். கவனக்குறைவால் போகவிடுவதும் குற்றம். அதனால் 'நான் கொடுக்கல சார், மேஜை மேல வெச்சிருந்தேன், யாரோ போட்டோ எடுத்துட்டாங்க' என்று சொல்வது தப்பிக்கும் வழியல்ல. இன்னொரு உட்பிரிவுக்குள் தானே நடந்து போவது. வாங்குகிறவருக்கும் அதே பிரிவில், அதே தண்டனை. முயற்சி செய்தாலும், தூண்டினாலும் 9வது பிரிவின்படி அதேதான். அவசரம் என்று கருதினால் காவல் கண்காணிப்பாளரே எழுத்துமூலம் உத்தரவிட்டு வீட்டைச் சோதனை போடச் செய்யலாம்; நீதிபதியின் வாரண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்பு கேட்டால் விசாரணையிலிருந்து பொதுமக்களை வெளியேற்றலாம். தண்டனையை அறிவிப்பது மட்டும் திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும்.

முக்கியமானது ஒன்று. பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற எதிர்வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அறிக்கையில் இருந்தது உண்மையா, மக்களுக்குத் தெரிய வேண்டியதா என்பது குற்றமா இல்லையா என்பதைத் தீர்மானிக்காது. பிரிட்டனில் 1985இல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங், அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிய ஆவணங்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிய வழக்கில் விடுதலையானார். நீதிபதி அவருக்கு எதிராகத்தான் வழிகாட்டினார், ஜூரிகள் கேட்கவில்லை. நம்மிடம் ஜூரியும் கிடையாது.

முத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கை உண்டு. முத்திரை இருந்தாலே குற்றம் என்பது ஒன்று. 1999இல் ஒரு பொருளாதார நாளிதழ், பங்கு விலக்கல் (அரசு நிறுவனப் பங்குகளை விற்பது) பற்றிய அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்டது. வழக்கு நடந்தது. 2009இல் டில்லி நீதிமன்றம், 'இரகசியம்' என்று எழுதிவிட்டதால் மட்டும் ஓர் ஆவணம் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று சொல்லிச் செய்தியாளரை விடுவித்தது. முத்திரை இல்லையென்றால் தப்பு இல்லை என்பது இன்னொன்று. 'இரகசியமான' என்ற அடைமொழி சட்டத்தில் சங்கேதக் குறிக்கும் கடவுச்சொல்லுக்கும்தான், வரைபடம், ஆவணம் போன்றவற்றுக்கு அது தேவையில்லை என்று 3வது பிரிவு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1990களில் கூறியிருக்கிறது. எது இரகசியம் என்பதற்குச் சட்டத்தில் வரையறையும் கிடையாது. ஆக, நீங்கள் வெளியே கொடுத்தது இரகசியமா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவர, மேலே சொன்ன வழக்கின் கணக்குப்படி, பத்து ஆண்டு.

மூன்று ஆண்டு தண்டனைதானே என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல். அரசு ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, பழைய இ.பி.கோ. 409, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316(5). ஆவணத்தை எடுத்துப்போனார் என்று அதையும் சேர்த்துவிட்டால் அதிகபட்சம் ஆயுள் தண்டனை வரை போகும். நிற்குமா என்பது வேறு. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில் அது காகிதத்தில் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், சிறையை முதல் அபாயமாக வைக்க முடியாது என்பதே என் கணிப்பு. இரகசியச் சட்டத்தில் நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் அனுமதியோடு புகார் வேண்டும், ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அரசுக்கே அது தலைவலி. துறைக்குள் முடித்துக்கொள்வதற்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆளை முடிப்பது அதுதான்.

மத்திய ஊழியர் என்றால் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 11வது விதி, ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணி என்றால் 1968ஆம் ஆண்டு விதிகளில் 9, தமிழ்நாட்டு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள். மூன்றும் சொல்வது ஒன்றுதான்: அனுமதியில்லாமல் அலுவலகத் தகவலையோ ஆவணத்தையோ வெளியாருக்கோ, உரிமையில்லாத சக ஊழியருக்கோ கொடுக்காதே. இரகசியமாக இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. தமிழ்நாட்டில் இதற்கு வருவது ஒழுங்கு விதிகளின் 17(பி) சார்ஜ், அதாவது அந்த விதியின் கீழ் எழுத்தில் வரும் குற்றச்சாட்டு. 17(ஏ) என்றால் சின்ன தண்டனை, ஊதிய உயர்வு நிறுத்தம், கண்டனம் என்று முடியும். 17(பி) என்றால் பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, நீக்கம், டிஸ்மிஸ் வரை. 'பி போட்டுட்டாங்க' என்று அலுவலகத்தில் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அந்தக் குரலே போதும்.

துறை விசாரணையில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும். மூன்றாம் எண் பிரதி உங்களிடம் இருந்தது, பத்திரிகையில் வந்த பக்கத்தில் மூன்றாம் எண் தெரிகிறது, அன்று மாலை 7.40க்கு உங்கள் கடவுச்சொல்லில் கோப்பு திறந்திருக்கிறது. முடிந்தது. குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தாலும் துறை நடவடிக்கை தானாக விழுந்துவிடாது. இதனால்தான் சில அலுவலகங்களில் பிரதிக்குப் பிரதி ஒரு சொல்லையோ நிறுத்தக்குறியையோ வேண்டுமென்றே மாற்றி வைப்பார்கள். தட்டச்சுப் பிழை என்று நீங்கள் நினைத்தது உங்கள் பெயராக இருக்கலாம்.

சார்ஜ் மெமோவுக்கு முன்பே சஸ்பென்ஷன் வந்துவிடும். அதன் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் வீட்டில் உணரப்படுவது இதுதான். அடிப்படை விதி 53இன்படி கிடைப்பது பிழைப்பூதியம்: அரைச் சம்பள விடுப்பில் இருந்தால் கிடைக்கும் தொகை, அதற்குரிய அகவிலைப்படியோடு. அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் 30,000. மத்திய விதிப்படி மூன்று மாதம் தாண்டினால் அந்த 30,000ஐ அதில் பாதி வரை கூட்டலாம்; அதாவது 45,000 வரை. தாமதத்துக்கு ஊழியரே காரணம் என்று கருதினால் பாதி வரை குறைக்கவும் செய்யலாம், 15,000. வருமான வரி, அரசுக் குடியிருப்பு வாடகை, அரசிடம் வாங்கிய கடன் எல்லாம் இதிலிருந்து பிடிக்கப்படும். வங்கி வீட்டுக்கடன் உங்கள் முழுச் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்தது. தவணை அப்படியேதான் வரும். வேறு வேலை, தொழில் எதுவும் செய்யவில்லை என்று சான்று எழுதிக் கொடுத்தால்தான் பிழைப்பூதியம் கிடைக்கும். இதை மறந்துவிட்டு, மாதக்கணக்கில் பணம் வரவில்லையே என்று அலைகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் தலைமையிடத்தை விட்டும் போகக் கூடாது. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மனுப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

மூன்று மாதத்துக்குள் சார்ஜ் மெமோ தராவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டிக்கக் கூடாது என்று அஜய்குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய ஆறுதல்தான். ஆனால் மெமோவைக் கொடுத்துவிட்டால், காரணம் எழுதி நீட்டிக்கலாம்.

பதவி உயர்வு வந்தால் உங்கள் பெயர் மூடி முத்திரையிட்ட உறைக்குள் போகும். வழக்கு முடியும்போதுதான் உறை திறக்கும். அதற்குள் உங்களுக்குக் கீழே இருந்தவர் உங்கள் கோப்பில் கையெழுத்துப் போடுவார். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மகள் வெளிநாட்டில் பிரசவத்துக்கு இருந்தாலும் அதே நடைதான். தமிழ்நாட்டு ஊழியர் சஸ்பென்ஷனில் இருக்கும்போது ஓய்வு வயது வந்தால், அடிப்படை விதி 56(1)(சி)யின்படி ஓய்வுபெற விடாமல் பணியில் நிறுத்தி வைக்கலாம். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை.

ஓய்வூதியம் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் மத்திய ஓய்வூதிய விதிகளில் 8வது விதியைப் பார்க்க வேண்டும். எதிர்கால நன்னடத்தைக்கு உட்பட்டதுதான் ஓய்வூதியம். கடும் முறைகேடு என்றால் அதை நிறுத்தலாம், குறைக்கலாம். கடும் முறைகேடு எது என்று விளக்கம் தரும் இடத்தில் இரகசியச் சட்டத்தின் 5வது பிரிவையே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு, பரணில் இருந்த பழைய நகலைக் கொடுத்தாலும் இது பாயும். 2021 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு, உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் அந்த அமைப்பின் பணி பற்றி எழுதவே முன் அனுமதி வாங்க வேண்டும். நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது ஓய்வு பெற்றால் தற்காலிக ஓய்வூதியம் மட்டும். பணிக்கொடை முடிவு வரும்வரை நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் அரசியல் சாசனம் 311(2). விசாரணை இல்லாமல் வேலையிலிருந்து நீக்க முடியாது என்று ஊழியர் சங்கக் கூட்டங்களில் கேட்டிருப்போம். அதே பிரிவில் மூன்று விதிவிலக்குகள் இருக்கின்றன. மூன்றாவது, (சி): நாட்டின் பாதுகாப்பு நலனுக்கு விசாரணை உகந்ததல்ல என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் விசாரணையே இல்லாமல் நீக்கலாம். 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்குகளை அப்படியே ஏற்றது.

விடுதலையானால் எல்லாம் சரியாகிவிடுமா? கடற்படை கேப்டன் பி.கே. சுப்பாராவ் 1988இல் பம்பாய் விமான நிலையத்தில் இரகசியச் சட்டத்தின் கீழ் கைதானார். பெட்டியில் இருந்தவற்றில் முக்கியமானது அவருடைய சொந்த ஐ.ஐ.டி. ஆய்வேடு. 20 மாதம் சிறையில் இருந்து, தானே வாதாடி வென்றார். செய்தியாளர் இஃப்திகார் கிலானி அதே சட்டத்தில் 2002 ஜூனில் கைதானார். கணினியில் இருந்தது, பாகிஸ்தான் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வெளியிட்டிருந்த, இணையத்தில் கிடைத்த கட்டுரை. ராணுவ உளவுப் பிரிவு முதலில் ஆபத்தான ஆவணம் என்று கருத்துக் கொடுத்தது. பிறகு மதிப்பற்றது என்று மாற்றிக் கொடுத்தது. இரண்டு கருத்துக்கும் நடுவே அவர் திகார் சிறையில் இருந்தார். 2003 ஜனவரியில் அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. ஏழு மாதம். இந்த இருவரும் எதையும் கசியவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ரஃபேல் போர் விமான ஒப்பந்த வழக்கின் தீர்ப்பைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறவர்கள் அதிகம். 2019 பிப்ரவரியில் 'தி இந்து' பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை வெளியிட்டது. மார்ச் 6 அன்று அவை திருடப்பட்டவை என்றார் அட்டர்னி ஜெனரல். பிறகு, ஒளிநகல்களைச் சொன்னேன் என்றார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக, வெளியாகிவிட்ட ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கலாம், வெளியிடுவதைத் தடுக்க இரகசியச் சட்டத்தில் வழியில்லை என்றார்கள். பத்திரிகைக்கு நல்ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு காத்தது ஆவணத்தை. அமைச்சகத்துக்குள் அதை நகலெடுத்த கையைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

சரி, எதற்காக இந்த அபாயம் என்ற கணக்கும் உண்டு. விசாரணை ஆணையச் சட்டம் 1952, பிரிவு 3(4)இன்படி, ஆணைய அறிக்கையை நடவடிக்கைக் குறிப்போடு ஆறு மாதத்துக்குள் அவையில், அதாவது நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ, வைக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் ஆணைய இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் பத்திரிகையில் கசிந்தது, 20ஆம் தேதி அவையில் வைக்கப்பட்டது, தி.மு.க.வை ஆட்சியிலிருந்து வெளியேற்று என்று காங்கிரஸ் நின்றதில் 28ஆம் தேதி பிரதமர் குஜ்ரால் ராஜினாமா செய்தார். பாபர் மசூதி இடிப்பு பற்றிய லிபரான் அறிக்கை 2009 நவம்பர் 23 அன்று நாளிதழில் வந்தது, மறுநாளே அவையில். தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18 அன்று அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் 'ஃப்ரண்ட்லைன்' வெளியிட்டது. அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைத்தார்கள். சட்டப்படி கெடு நவம்பர். கசிந்ததால்தான் கெடுவுக்குள் வந்தது என்று வாதாடலாம். இரண்டு மாதம் முன்கூட்டித் தெரிந்துகொள்ள ஒருவர் தன் முப்பது வருடச் சர்வீஸைப் பந்தயம் கட்டியிருக்கிறார் என்றும் பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் உறுத்துகிறது. அவையில் வைக்கும் முன் வெளியானால் அவையின் உரிமை மீறல் பிரச்சினை தனியாகக் கிளம்பும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர்முனை 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை. அரை நூற்றாண்டு பூட்டிக் கிடந்ததன் முதல் பகுதியை 2014 மார்ச்சில் இணையத்தில் போட்டவர் செய்தியாளர் நெவில் மேக்ஸ்வெல். அப்போது அவருக்கு வயது 87, இருந்தது ஆஸ்திரேலியாவில். அவருக்கு 17(பி) கொடுக்க யாரும் இல்லை.

உள்ளே இருந்துகொண்டே முறைகேட்டைச் சொல்ல வழி உண்டா என்றால், மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட ஊழலுக்கு ஒன்று உண்டு: மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு 2004 ஏப்ரல் 21 தீர்மானத்தின் கீழ் புகார். மூடிய உறை. உறையின் மேல் 'பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார்' என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரணப் புகாராகப் பிரித்து, பெயரோடு உங்கள் துறைக்கே வரலாம். பெயரும் முகவரியும் உறையின் மேல் கூடாது, கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ, அல்லது தனித்தாளில். மொட்டைக் கடிதம் எடுக்கமாட்டார்கள். அடையாளம் காக்க ஒப்புகைக் கடிதம் அனுப்பமாட்டார்கள்; என்ன ஆச்சு என்று கேட்டு நீங்களும் எழுதக் கூடாது. கடிதத்தின் நடுவில் 'நான் இந்தக் கோப்பில் எழுதிய குறிப்பில்...' என்று ஒரு வரி வந்தால் உறையால் பயனில்லை. மாநில அரசு ஊழியரின் விவகாரம் இந்த ஆணையத்தின் வரம்பில் வராது.

இந்தத் தீர்மானம் பிறந்த கதை அதைவிடக் கசப்பானது. தேசிய நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே, பெயரை வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு வந்த முறைகேடு அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே 9 அன்று ஒப்புதல் கிடைத்தது; நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை. வந்தாலும் அது காப்பது உரிய அதிகாரியிடம் சொன்னவரைத்தான். பத்திரிகையிடம் கொடுத்தவரை இல்லை.

இன்னொரு வழி தகவல் உரிமைச் சட்டம். 8(2) பொதுநலனை மேலே வைக்கிறது, 22வது பிரிவு இரகசியச் சட்டத்தையே மீறி நிற்கிறது. இன்ன துறையில் இன்ன தேதியில் இன்ன தலைப்பில் ஓர் அறிக்கை இருக்கிறது என்ற அளவுக்குத் தெரிந்த வெளியார் ஒருவர் மனுப் போட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த அளவைச் சொல்வதும் நடத்தை விதியில் இடிக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆவணத்தையே தூக்கிக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

விசாரணை தொடங்கிவிட்டால் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, போனையும் நகலையும் அழிப்பது. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். நியாய சன்ஹிதா 241, மூன்று ஆண்டு வரை. கசியவிட்டதை நிரூபிக்க முடியாத வழக்கிலும் இதை நிரூபித்துவிடலாம். இரண்டு, 'சும்மா பேசலாம் வாங்க, ரெக்கார்டு எதுவும் இல்ல' என்று மேலதிகாரி கூப்பிட்டால் போய் மனம்விட்டுப் பேசுவது. ரியாலிட்டி வின்னரைக் கைது செய்ய வந்தவர்கள் நாயையும் பூனையையும் பற்றிப் பேசித்தான் தொடங்கினார்கள். பூர்வாங்க விசாரணையில் எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கம், பிறகு சார்ஜ் மெமோவின் இணைப்பாக உங்களுக்கே திரும்பி வரும். வக்கீலைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

மெமோ வந்தால் கெடுவுக்குள் பதில் கொடுங்கள், உதவிக்கு ஒரு சக ஊழியரைக் கேளுங்கள், எந்த அறிக்கை கசிந்தது என்கிறார்களோ அதன் நகலை எழுத்தில் கேளுங்கள். இங்கேதான் விசித்திரம். மத்திய ஒழுங்கு விதிகள் 14(13)இன்படி, நாட்டின் பாதுகாப்புக்கோ பொதுநலனுக்கோ எதிரானது என்று காரணம் எழுதி, அந்த ஆவணத்தை விசாரணையில் தர மறுக்கலாம். ஊரெல்லாம் படித்த அறிக்கையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் பார்க்க முடியாது. மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மத்திய ஊழியர் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும் மாநில ஊழியர் உயர் நீதிமன்றத்துக்கும் போகும்போது மனுவில் முதல் இணைப்பாக வைக்க வேண்டிய தாள் அதுதான்.